படகிற்கு ஏற்ற ஏரியல் எது?

மட்டக்களப்பு வாவியிலே முழுநிலாக் காலத்து இரவிற் கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைச் செவியோடு பொருத்திக் கேட்போர்க்குப் பாடுமீனின் ஒலி புலனாகும் என்பதை இந்நாட்டார் யாவரும் அறிவர். விபுலாநந்த அடிகளார் அவ்வொலியை நீரரமகளிரின் இசையாகக் கண்டு பாடினார். பௌதிகம் கற்போர் அதன்கண் வேறொன்றையும் காண்பர். நீரினுள் உலவும் ஒலி காற்றினுள் எளிதிற் புகுவதன்று; அதன் பெரும்பகுதி நீர்ப்பரப்பிலே தெறித்து மீண்டுவிடும். அதனை நீரினின்றும் எடுத்துச் செவிவரை கொணர்ந்து தருவது துடுப்பு. வானொலிக் கருவிக்கும் அத்தகைய துடுப்பு ஒன்று வேண்டும். வெளியிற் பரந்துள்ள மின்காந்த அலையைக் கம்பியில் ஓடும் மின்னோட்டமாக மாற்றுவதும், கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை வெளியிற் பரவும் அலையாக மாற்றுவதும் அதன் தொழில். அதனை எம் இளமையில் ஏரியல் என்றோம்; இக்காலத்துக் கடைகளில் அன்ரனா என்கின்றனர். ஈண்டுப் பழைய பெயரையே ஆளுவோம்.

இப்பொருள் பற்றி எழுத நேர்ந்தமைக்குக் காரணர், முன்னாளில் எம்மிடம் பௌதிகம் பயின்று, இன்று பாலமீன்மடுவில் பைபர் கிளாஸ் படகு வைத்துத் தொழில் செய்யும் மாணவர் ஒருவர். கச்சான் வீசும் மாதம் ஒன்றில் அவருடைய படகின் இயந்திரம் நடுக்கடலில் நின்றுவிட்டது. வானொலிக் கருவியை எடுத்துப் பலமுறை அழைத்தும் மறுமொழி வந்திலது. தற்செயலாக அவ்வழி வந்த மற்றொரு படகு இழுத்துவந்தமையால் அவர் கரை சேர்ந்தார். சில நாள் கழித்து எம் இல்லம் வந்த அவர், "சேர், செற் 25 வாற்று. அன்ரனாவும் நீளமானதுதான், பெரிய விலை. அப்ப ஏன் கரைக்குக் கேக்கல்ல?" என்று வினவினார். அவ்வினாவிற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கச்சான் என்றதன் பொருளை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாடைக் காலத்திலே இயந்திரம் நின்ற படகைக் காற்று கரைநோக்கித் தள்ளும். அலையால் உடைவுறும் அச்சம் உண்டெனினும் நிலம் அண்மையில் இருக்கும். மேற்கிலிருந்து வரும் கச்சானோ படகைக் கிழக்கே, வங்காள விரிகுடாவினுள், கொண்டுசெல்லும். அப்பக்கத்தில் அடுத்த நிலம் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளாம். மணிக்கு 2 கிலோமீற்றர் வீதம் ஒதுக்கப்படும் படகு பொழுது புலர்ந்து சாய்வதற்குள் 24 கிலோமீற்றர் சென்றுவிடும். ஆதலால் இக்கரையில் வானொலியின் எல்லை எத்துணைத் தூரம் என்னும் வினா, தேடுவோர்க்குக் கிடைக்கும் நாழிகைகளின் வினாவாகும். கைத்தொலைபேசி உளதே எனின், அதன் கோபுரங்கள் நிலத்தார்க்கென அமைந்தவை. அன்றியும் அது எண் தெரிந்த ஒருவரை மாத்திரம் அழைக்கும். கடல் வானொலியில் 16ஆம் அலைவரிசையில் எழும் அபயக்குரல், எல்லைக்குள் அவ்வலைவரிசைக்குச் செவிகொடுத்திருக்கும் அனைவர்க்கும் ஒருங்கே கேட்கும். அருகில் உள்ள படகே முதலில் உதவவல்லது. அதன் தலைவன் பெயரோ எண்ணோ நமக்குத் தெரிந்திருத்தல் வேண்டா.

இக்கருவி பயன்படுத்துவது வி.எச்.எவ். எனப்படும் மிக உயர் மீடிறன் அலை. மேற்கூறிய 16ஆம் அலைவரிசையின் மீடிறன் 156.8 மெகாஹேட்ஸ். ஒளியின் வேகத்தை அம்மீடிறனால் வகுப்பின் அலைநீளம் ஏறத்தாழ 1.91 மீற்றர் என வரும். அரையலைநீளம் ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. காலலைநீளம் அரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஏரியலின் நீளங்கள் யாவும் இவ்வளவுகளைத் தழுவியே அமைவன.

இவ்வலைக்கும் நாம் வீட்டில் இருந்து கேட்ட சிற்றலைக்கும் உள்ள வேற்றுமையை மறத்தலாகாது. ஒருகாலத்து இலங்கை வானொலியின் சிற்றலை ஒலிபரப்பை இந்தியா முழுவதும் கேட்டனர். அவ்வலைகள் மேலே சென்று அயன மண்டலத்தில் திரும்பி மீண்டும் பூமியில் இறங்குவன. மிக உயர் மீடிறன் அலையோ அயன மண்டலத்தை ஊடுருவி விண்வெளிக்குப் போய்விடும், திரும்புவதில்லை. அது ஒளியைப் போன்று ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வது. பூமியோ உருண்டையானது. எனவே கடலின் வளைவுக்கு அப்பால் மறைந்த படகிற்கு நம் குரலும் மறைந்துபோகும். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பல நாள் தங்கி மீன்பிடிக்கப் புறப்படும் பெரும் படகுகளுக்குச் சிற்றலை வரிசையில் இயங்கும் வேறு கருவி இன்றியமையாததாவது இதனாலேயாம். அது தனிக்கட்டுரைக்கு உரியது. ஈண்டு நாம் பேசுவது விடியலிற் சென்று அன்றே மீளும் சிறு படகுகளைப் பற்றி.

கடல் எவ்வளவு தூரத்தில் வளைந்து மறைகின்றது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கண்ணின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆற் பெருக்கின், அடிவானத்தின் தூரம் கிலோமீற்றரில் வரும். வானொலி அலைக்கு 3.57 இற்குப் பதிலாக 4.12 என்று கொள்க. வளி கீழே அடர்த்தியாயும் மேலே ஐதாயும் இருத்தலின் அலை முறிவுற்றுச் சிறிது கீழ்நோக்கி வளைகின்றது. அதனால் நூற்றுக்குப் பதினைந்து பங்களவு மிகையாகக் கிடைக்கின்றது. பேசுவோர் இருவர் ஆகையால் இருவருடைய ஏரியல்களின் உயரத்திற்கும் தனித்தனி கணித்துக் கூட்டுதல் வேண்டும். அலை இவ்வெல்லையிற் கத்தரித்தாற்போல் அறுவதில்லை. எல்லைக்கு அப்பாற் விரைந்து நலியும். அமைதியான வெப்ப நாள்களில் வளியின் அடுக்குகள் அலையை மேலும் வளைத்து நெடுந்தூரம் கொண்டுபோதலும் உண்டு. ஆபத்துக் காலத்தில் அத்தகைய தற்செயலை நம்பியிருத்தல் தகாது.

இக்கணக்கை நம் கடலிலேயே இட்டுப் பார்ப்போம். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய வானூர்திகளால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் என்னும் பிரித்தானியக் கப்பல், கல்லடிக் கரையிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீற்றர் தூரத்தில் அடித்தளத்திற் கிடக்கின்றது. அதனைப் பார்க்கச் சுழியோடிகளை ஏற்றிச் செல்லும் படகு ஒன்றில் ஒருவரும், கரை மணலில் ஒருவரும், கையடக்கக் கருவியோடு அமர்ந்திருக்கின்றனர் என்க. கருவிகள் நீர்மட்டத்திற்கு மேல் 1 மீற்றர் உயரத்தில் உள்ளன. ஒவ்வொருவர்க்கும் அடிவானம் 4.1 கிலோமீற்றர், கூட்டினால் 8.2. குரல் எட்டுதல் ஐயத்திற்கு உரியது. இருவரும் எழுந்து நின்று கருவியை 2 மீற்றர் உயரத்திற்கு ஏந்தினால் ஒவ்வொருவர்க்கும் 5.8; கூட்டினால் 11.6. இப்பொழுது குரல் எட்டும். செலவு யாதுமின்றி, அமர்ந்திருந்தவர் எழுந்தமையாற் பெற்ற பயன் இது. கையடக்கக் கருவி வைத்திருப்போர் வேறெதனை மறப்பினும் இதனை மறவாதிருப்பாராக.

இனி, கருவியின் வலுவைப் பெருக்கினால் எல்லை பெருகாதோ என்பர். கையடக்கக் கருவியின் வலு பெரும்பாலும் 5 வாற்று. படகிற் பொருத்தும் கருவிக்கு விதிக்கப்பட்ட உச்சம் 25 வாற்று. ஐந்து மடங்கு வலு, எல்லைக்குள்ளே குரலைத் தெளிவாக்கும், இரைச்சலை வெல்லும், எல்லையை அண்டிய இடத்திற் சிறிது உதவியும் செய்யும். ஆனாற் பூமியின் வளைவை அது நிமிர்த்த மாட்டாது. மலைக்குப் பின்னால் நிற்பவன் எத்துணை உரத்த விளக்கை ஏற்றினும் முன்னால் நிற்பவனுக்குத் தெரிவதில்லை அன்றோ? மேலும் 25 வாற்றில் பேசுங்கால் 12 வோல்ற்று மின்கலம் 5, 6 அம்பியர் அளவு ஓட்டத்தைத் தரவேண்டும். இயந்திரம் நின்ற படகில் மின்கலத்திற்கு மறுமின்னேற்றம் இல்லை.

அடுத்து வருவது நயம். ஏரியல் விற்போர் 3 தெசிபெல், 6 தெசிபெல், 9 தெசிபெல் என்று எண் கூறுவர். எண் பெரிதாக ஆக நீளமும் விலையும் பெரிதாகும். 3 தெசிபெல் ஏரியல் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமுள்ள மெல்லிய கோல். 6 தெசிபெல் ஏரியல் ஏறத்தாழ இரண்டரை மீற்றர். 9 தெசிபெல் ஏரியல் 4 மீற்றரிற் தொடங்கி அதற்கு மேலும் செல்லும். மூன்று தெசிபெல் என்பது இருமடங்கு. ஆறு நான்கு மடங்கு. ஒன்பது எட்டு மடங்கு. இவ்வெண்களைக் கேட்டவுடன் பெரியதையே வாங்க மனம் விழையும். எம் மாணவர் வாங்கியதும் அத்தகையதே.

ஆயின் ஏரியல் புதிதாக வலுவை உண்டாக்குவதில்லை. பெற்றோமாக்சு விளக்கு நாற்புறமும் மேலும் கீழும் ஒளியைச் சிந்தும். அதே ஒளியை ஒரு தட்டையான வளையமாகச் சுருக்கினால், அவ்வளையத்துள் நிற்போர்க்கு அது பிரகாசமாகத் தோன்றும். மேலும் கீழும் இருள் சூழும். நயம் என்பது இவ்வாறு சுருக்கிப் பெற்ற பிரகாசமே. அமைதியான நீரிலே, நிமிர்ந்து நிற்கும் பெருங்கப்பலில், இச்சுருக்கம் நன்று. ஆறேழு மீற்றர் நீளமுள்ள பைபர் கிளாஸ் படகோ அலையிற் கணந்தோறும் இருபுறமும் சாய்வது. இயந்திரம் நின்றபின் அலைக்குப் பக்கம் காட்டி இன்னும் மிகுதியாக உருளுவது. அப்பொழுது சுருங்கிய கற்றை ஒருபுறம் வானத்தையும் மறுபுறம் படகின் அருகே கடலையும் நோக்கும். கரையிற் கேட்பவனுக்குக் குரல் வந்து வந்து மறையும். பெயர் கேட்டால் இடம் கேளாது. இடம் கேட்டால் எண்ணிக்கை கேளாது. 3 தெசிபெல் ஏரியலின் கற்றை அகலமானது ஆகையாற் படகு சாய்ந்தாலும் அதன் ஒரு பகுதி அடிவானத்தை விட்டு அகலாது. ஆகவே நம் சிறு படகுகளுக்கு நயம் குறைந்த ஏரியலே பொருந்தும் என்பது எமது துணிபு. வாவியின் அமைந்த நீரில் மாத்திரம் தொழில் செய்வோர் 6 தெசிபெல் வைத்தாற் குற்றமில்லை. ஆயினும் அவர்க்கு அதன் தேவையும் இல்லை. இருகரையும் கண்ணுக்குத் தெரியும் நீர் அது.

விளம்பர எண்களைப் பற்றியும் ஒரு சொல். எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பும் கற்பனை ஏரியலோடு ஒப்பிட, உண்மையான அரையலை ஏரியலின் நயம் 2.15 தெசிபெல் மாத்திரமே. அதுவே சந்தையில் 3 என்று முழுமையாக்கப்படுகின்றது. ஆகவே அவ்வெண்களை நெல்லளக்கும் மரக்கால்போலக் கருதாது, ஓரினத்துள் ஒன்றோடொன்றை ஒப்பிடும் குறியாக மாத்திரம் கொள்க.

வேறொரு நுட்பமும் உண்டு. காலலை ஏரியல் தனித்து முழுமையானதன்று. கீழே விரிந்த உலோகத் தளம் அதன் மற்றைப் பாதியாக நின்று துணைசெய்தல் வேண்டும். மோட்டார் வண்டியின் தகரக் கூரையில் அது நன்கு தொழிற்படுவது அத்தளத்தின் உதவியால். பைபர் கிளாஸ் படகிலும் மரத்தோணியிலும் அத்தளம் இல்லை. அரையலை ஏரியலுக்குத் தளம் வேண்டா. ஆதலின் வாங்கும்போது தளம் வேண்டாதது தானா என்று கேட்டு வாங்குதல் அவசியம். மேலும், கடல் வானொலி நிலைக்குத்து முனைவாக்கம் உடையது. கோல் நிமிர்ந்து நிற்றல் வேண்டும். தொலைக்காட்சி வந்த காலத்தில் இரும்புக் குழாய் நட்டு, கிடையாகக் கம்பிகள் பரப்பிய ஏரியலை உயர்த்தி, அதனைத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்தோர் நம்மிற் பலர். அது ஒரு திசையை நோக்குவது. கிடை முனைவாக்கம் உடையது. மிஞ்சிய அத்தகைய ஏரியலைப் படகிற் கட்டுவதாற் பயனில்லை. குழாய் மாத்திரம் பயன்படும்.

இத்துணையும் கேட்ட எம் மாணவர், "நயம் கூடினதால குரல் விட்டு விட்டுக் கேக்கும் எண்டு சொன்னீங்க சேர். ஆனா ஒண்டுமே கேக்கல்லயே?" என்றார். வினா நியாயமானது. மறுநாள் அவர் படகிற்குச் சென்று பார்த்தோம். கருவியிலிருந்து ஏரியலுக்குச் செல்லும் ஓரச்சு வடத்தின் மேல்முனையிலுள்ள இணைப்பைக் கழற்றியபோது உள்ளிருந்து உப்புநீர் இரண்டு துளி வடிந்தது. நடுக்கம்பி கறுத்திருந்தது; அதனைச் சூழ்ந்த செப்புப் பின்னல் களிம்பேறிப் பச்சை நிறமாய், விரலால் தேய்த்தவுடன் பொடியாயிற்று. வடத்தை ஒரு சாண் வெட்டினோம்; பச்சை. இன்னும் ஒரு சாண் வெட்டினோம், அங்கும் பச்சை. எண்ணெய்த் திரியில் ஏறுவதுபோல உப்புநீர் பின்னலினூடே ஊர்ந்து சென்றிருந்தது. நிலையலை விகிதம் காட்டும் சிறு மானியை இடையில் இணைத்தபோது முள் எல்லையைத் தாண்டியது. அவ்விகிதம் 1.5 எனின் நூற்றுக்கு 4 பங்கு வலுவே தெறித்து மீளும். 2 எனின் 11 பங்கு. 3 எனின் 25 பங்கு. இப்படகிலோ ஏரியலைச் சென்றடைந்தது யாதுமில்லை எனலாம். விலையுயர்ந்த ஏரியலும் 25 வாற்றும் இரண்டு துளி நீரால் வீணாயின.

வடம் நலமாக இருப்பினும் அது சிறிது வலுவை விழுங்கவே செய்யும். ஆர்.ஜி. 58 எனப்படும் மெல்லிய வடம் இம்மீடிறனில் 100 மீற்றருக்கு ஏறத்தாழ 20 தெசிபெல் இழக்கும், ஆர்.ஜி. 213 எனப்படும் தடித்த வடம் அதிற் பாதிக்கும் குறைவாக இழக்கும். சிறு படகில் 6 மீற்றர் மெல்லிய வடம் நாற்பங்கில் ஒரு பங்கைத் தின்னும், இது பொறுக்கத்தக்கது. மிஞ்சிய வடத்தைச் சுருட்டி வைக்காமல் அளவாக வெட்டுதல் வேண்டும். இணைப்பைச் சூட்டுக்கோலால் நன்கு ஈயம் பற்றவைத்து, தன்னோடு தான் ஒட்டும் இறப்பர் நாடாவாற் கீழிருந்து மேலாகச் சுற்றி, அதன்மேற் சாதாரண நாடாவைச் சுற்றுக. கூரை ஓடு ஒன்றன்மேலொன்று படிவதுபோல மேற்சுற்று கீழ்ச்சுற்றை மூடவேண்டும் என்பதற்காகவே கீழிருந்து மேலாக என்றோம். ஆண்டுக்கு ஒருமுறை, கச்சான் தொடங்குமுன், பிரித்துப் பார்த்து மீண்டும் சுற்றுக.

படகில் ஏரியல் நிற்கும் இடமும் எண்ணத்தக்கது. மணலில் ஏற்றும்போது பலர் தோள்கொடுத்துத் தள்ளும் படகு இது. வலை இழுக்கும் பக்கத்திற் கோல் நின்றால் முதல்நாளே முறியும். ஆகவே பின்புறத்தில், வலைக்கு எதிர்ப்பக்கத்தில், துருப்பிடியா உருக்குக் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் உச்சியில் ஒரு மீற்றர்க் கோலை வைத்தல் நன்று. குழாய் சாய்த்து மடக்கத்தக்கதாய் இருப்பின் இன்னும் நன்று. உச்சி நீர்மட்டத்திற்கு மேல் 2½ மீற்றர் வருமாயின் படகின் அடிவானம் 6.5 கிலோமீற்றர். அதற்கு மேல் உயர்த்தினாற் சிறு படகு உருளும்போது குழாயே பகையாகும்.

படகில் உயர்த்துவதற்கு இவ்வாறு ஓர் எல்லை உண்டு. எனவே எஞ்சிய உயரத்தைக் கரையில் தேடுதல் வேண்டும். கரையில் ஒருவர் 3 மீற்றர் உயரத்தில் ஏரியல் வைத்துக் கேட்பாராயின், மேற்கூறிய படகோடு அவர் பேசக்கூடிய தூரம் ஏறத்தாழ 13½ கிலோமீற்றர். அதே ஏரியலைக் கரையில் 20 மீற்றர்க் கம்பத்தில் ஏற்றினால் தூரம் 25 கிலோமீற்றர் ஆகும். கச்சானில் ஒதுங்கும் படகு, நாம் முன் கொண்ட வேகத்தில், அம்மிகைத் தூரத்தைக் கடக்க ஐந்தரை மணிநேரத்திற்கு மேல் எடுக்கும். இவ்வளவு பயனைப் படகிலே பெறவேண்டின் படகின் ஏரியல் ஏறத்தாழ 19 மீற்றர் உயரத்தில் நிற்றல் வேண்டும். அஃது இயலாத காரியம். முகத்துவாரத்தில் 1913ஆம் ஆண்டு எழுந்த வெளிச்சவீட்டின் உயரம் 28 மீற்றர். அதன் உச்சியளவு உயரத்தில் ஓர் ஏரியல் இருப்பதாகக் கற்பனை செய்தாற் கரையின் பங்கு மாத்திரமே 21.8 கிலோமீற்றர். அன்று விளக்கை உயரத்தில் வைத்தோரும் இதே வளைவை எண்ணியே வைத்தனர்.

கரைக் கம்பத்திற்கு வடம் 30 மீற்றர் வரை வேண்டியிருக்கும். ஈண்டு மெல்லிய வடத்தை இட்டால் நாற்பங்கில் மூன்று பங்கு வடத்திலேயே அழியும். தடித்த வடம் கட்டாயம். கரை அசைவதில்லை ஆகையால் நயம் மிகுந்த நீண்ட ஏரியலுக்கு உரிய இடமும் அதுவே. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இக்கரையைத் தாக்கிய சூறாவளியில் தென்னைகள் வீழ்ந்து கிடந்த கோலத்தைக் கண்டோர், கம்பத்தை இழுத்துக்கட்டும் கம்பிகளைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்கவேண்டியதில்லை. இடிதாங்கிக்கும் நிலத்தொடுப்புக்கும் செலவைச் சுருக்கலாகாது. இத்தகைய நிலையத்தை நிறுவுமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் பெறுதல் வேண்டும்.

எம் மாணவர் புதிய வடத்தையும் ஒரு மீற்றர்க் கோலையும் படகிற் பொருத்திவிட்டார். ஹேர்மிஸ் கிடக்கும் இடத்திற்கு அண்மையிலிருந்து, 16ஆம் அலைவரிசையை விட்டு வேறொன்றில், அவர் அழைத்தபோது முகத்துவாரத்தில் நின்ற எமக்குக் குரல் தெளிவாகவே கேட்டது. பழைய நீண்ட ஏரியலை அவர் தம் துறையின் மீனவர் சங்கத்திற்குக் கொடுத்துவிட்டார்; கரைக் கம்பத்திற்கு அது பொருந்தும். கம்பத்திற்கு வேண்டிய குழாயின் விலையை எவர் கொடுப்பது என்பது பற்றிச் சங்கத்தில் இன்னும் பேச்சு நடைபெறுகின்றது.